போன் பண்ணக் கூடாதுன்னு போட்டுக்கீது

1

போன சனிக்கிழமை என் மகள் மதுரா ஒரு சின்ன கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. என்ன விசேஷம் என்று கேட்டேன். "மறந்துட்டீங்களா அப்பா? உங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகி இன்னியோட ஒரு வருஷம்" என்றாள்.

திவால் ஆனவனுக்குக் கடனிலிருந்து விடுதலை தந்து வழங்கும் சான்றிதழுக்கு இங்கே அதுதான் பெயர். அந்த நாளைத் தன் போனில் குறித்து வைத்திருக்கிறாள். பதினேழு வயது. கனடாவுக்கு வரும்போது அவளுக்கு மூன்று. பள்ளியில் தனிமனிதர் நிதி பற்றி ஒரு பாடம் இருக்கிறதாம். அதில் திவால் சட்டமும் ஒரு அத்தியாயம். அந்த வகுப்பில் கையைத் தூக்கி, "எங்கப்பா பண்ணியிருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் பாராட்டினாராம்.

நான் கேக்கைத் தொடவில்லை. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இது பாவம் இல்லப்பா. இது ஒரு ப்ராசஸ், அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு யூசுப்பைத் தெரியாது. குழந்தையாக இருந்தபோது அவன் தோளில் உட்கார்ந்து திருவொற்றியூர் தேரடியைச் சுற்றியிருக்கிறாள். அது அவள் நினைவில் இல்லை. "அந்த ரோப் கடை அங்கிளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

யூசுப்பும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்தேன். அவன் எண்ணூர் நெடுஞ்சாலையில் கடை போட்டான். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்களுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், சரக்கை இறுக்கிக் கட்டும் பெல்ட் எல்லாம் அவனிடம் கிடைக்கும். வண்டிகள் மைல்கணக்கில் வரிசை கட்டி நிற்கிற ரோடு அது. டிரைவர்கள் இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். நன்றாகவே ஓடியது.

நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். பிறகு புத்தி வேறு மாதிரிப் போயிற்று. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே வண்டி போட்டு விற்கிற அத்தோ நூடுல்ஸை இந்த ஊரில் விற்றால் என்ன என்று தோன்றியது. நம் ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, வரமாட்டார்களா? ஒரு சின்ன வளாகத்தில் கடை எடுத்தேன். கம்பெனி பதிவு செய்தேன். பேங்க் கடனுக்கும் கடை வாடகைக்கும் என் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். கம்பெனி தனி, நீ தனி என்று கணக்கர் சொல்லியிருந்தார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வருடம் வந்தார்கள். இரண்டாம் வருடம் மாவு விலை, எண்ணெய் விலை, வாடகை என்று எல்லாம் ஏறின. கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சம்பளம் கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் யூசுப்புக்குப் போன் செய்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. புலம்பத்தான் செய்தேன்.

"எவ்ளோ தேவப்படுது?" என்றான்.

மணலி புதுநகரில் அவனுக்கு ஒரு மனை இருந்தது. மகளின் படிப்புக்கென்று வாங்கிப் போட்டது. அதை விற்று எட்டு லட்சம் அனுப்பினான். வட்டி என்ற பேச்சே இல்லை. "வட்டி நமக்கு ஹராம் மாமு. நீ சொம்மா திருப்பிக் குடு, போதும்" என்றான். அந்தப் பணத்தில் கடை இன்னும் ஏழு மாதம் ஓடியது. பிறகு மூடினேன்.

3

இங்கே கடனைக் கட்ட முடியாதவர்களுக்கென்று அரசு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை டிரஸ்டி என்கிறார்கள். டிரஸ்டி என்றால் நமக்குக் கோயில் அறங்காவலர்தானே நினைவுக்கு வரும். நான் போனபோது எதிரே இருந்தது, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாத ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, கடனில் ஒரு பகுதியை ஐந்து வருடத்துக்குள் கட்டுகிறேன் என்று எல்லாரிடமும் ஒப்பந்தம் செய்துகொள்வது. இன்னொன்று, திவால். அப்போது எனக்கு வேலை இல்லை. என் மனைவி கலாவின் சம்பளம் வீட்டு வாடகைக்குத்தான் சரியாக இருந்தது. முதல் வழிக்குக் கட்ட முடியாது, இரண்டாவதுதான் சரி என்றார். கையெழுத்திட்ட அன்றிலிருந்து யாரும் உங்களை அழைத்துப் பணம் கேட்க முடியாது, இது உங்களுக்கு முதல் தடவை என்பதால் யாரும் எதிர்க்காவிட்டால் ஒன்பது மாதத்தில் விடுதலை என்றார்.

கடன் கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டார். பேங்க், கார்டு, கடைச் சொந்தக்காரர் என்று சொன்னேன். "தனி மனிதர்கள்?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். மறுபடி கேட்டார். இந்தியாவில் ஒருவன், ஆனால் அவன் கடன் கொடுத்தவன் இல்லை, நண்பன் என்றேன். நண்பராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒருவரை மட்டும் மறைத்தால் அது குற்றம் என்றார். தண்டையார்பேட்டை முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிப் படித்துக் காட்டினார். 'ண'வும் 'ட'வும் அவர் வாயில் என்னவோ ஆயின. வேறு ஏதோ ஊருக்குக் கடிதம் போய்விடக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

யூசுப்புக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒருநாள், இந்நேரம் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று புரிந்தது. அதன் பிறகு எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் கூப்பிடுகிறவன் அந்த வாரம் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. கோபம், நியாயமான கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

சட்டப்படி இரண்டு முறை ஆலோசனைக்கு உட்கார வேண்டும். செலவை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லித் தருவார்கள். அங்கே ஓர் இளைஞன் என்னிடம், "இனி அவசரம் என்றால் யாரிடம் உதவி கேட்பீர்கள்?" என்று கேட்டான். என் வாயில் வந்தது ஒரே பெயர். விழுங்கிக்கொண்டு, "சேமிப்பிலிருந்து எடுப்பேன்" என்றேன். சரியான விடை என்று தலையாட்டினான்.

4

சான்றிதழ் வந்த மறுநாள் காலை துணிந்து யூசுப்பைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், "யூசுப், நேத்து எனக்கு டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு" என்றேன்.

"அல்லா. இன்னா மாமு, எந்த ஆஸ்பத்திரி? ஒடம்புக்கு இன்னா?"

சிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி இல்லை, கேஸ் முடிந்தது என்று விளக்கினேன். அவன் பெரிதாக மூச்சு விட்டான்.

"அப்ப இனிமே நான் உன்கூட பேசலாமா?"

"ஏன் கேக்கற?"

"லெட்டர் வந்துச்சு இல்ல. கடன் குட்த்தவன் யாரும் உனக்குப் போன் பண்ணக் கூடாது, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு போட்டுக்கீது. கவர்மென்டு முத்திர வேற. நான் பாட்டுக்குப் பண்ணி, உன் கேஸு பேஜாராயிட்டா இன்னா பண்றது? அதான் கம்முனு இருந்தேன்."

பணம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நலம் விசாரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவன் அதை அப்படிப் படித்துக்கொண்டு, ஒன்பது மாதமும் எனக்காக வாயைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். நான் அதைக் கோபம் என்று நினைத்து, அந்த நினைப்பில் கொஞ்சம் சௌகரியமாகவே இருந்திருக்கிறேன்.

"லைன்ல கீறியா?" என்றான். அதற்குள் போன் கைமாறியது. அவன் மனைவி ஜரீனா.

"தயாண்ணே, சலாம். ஒண்ணு கேக்கணும். அந்த லெட்டர்ல போட்டிருந்துச்சே, யாரும் போன் பண்ணக் கூடாதுன்னு. அது நெசமாவே நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

பிறகு, "நம்ம ஊர்ல அது மாதிரி இருக்குதாண்ணே?" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. ட்ரெய்லர்கள் வேறு வழியாகப் போக ஆரம்பித்து, ரோட்டில் வரிசை குறைந்து, யூசுப்பின் கடை படுத்துவிட்டது. சரக்கைத் தேடிக்கொண்டு போய் விற்கலாம் என்று ஒரு லோடு வண்டியை ஃபைனான்ஸில் எடுத்திருக்கிறான். அதற்குத் தவணை. தவணை கட்ட இன்னொரு கடன். அதற்குப் போனில் கடன் தரும் ஆப். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று வசூலிக்கிற தண்டல். போன் ஓயாது என்றாள். ஆப்காரர்கள் மகளின் டீச்சருக்கே கூப்பிட்டு, உங்கள் மாணவியின் அப்பா திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மணலி புதுநகர் மனை இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதை அவள் சொல்லவில்லை.

நான் அனுப்பக்கூடிய சின்னத் தொகை ஒன்றைச் சொன்னேன். "காசு அனுப்பாதீங்கண்ணே. வந்த அன்னிக்கே வட்டிக்குப் போயிரும். நீங்க வாங்க. இத்த எப்படிப் பண்றதுன்னு உங்களுக்குத் தெரியும். வந்து அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

5

போனேன். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை அதற்குள் கிடைத்திருந்தது. மூன்று மாதம் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.

யூசுப் இளைத்திருந்தான். நான் உள்ளே போனதும் எழுந்து கட்டிப்பிடித்தான். பிறகு உட்கார்ந்து, "நாஸ்டா துன்னியா?" என்றான். கடனைப் பற்றி நான் தொடங்கியதும் முகம் மாறிவிட்டது.

"மஞ்ச கடுதாசி குடுக்கச் சொல்றியா?"

நம் பக்கத்தில் திவாலுக்கு அதுதானே பெயர். ஒருவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் அவன் குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

"நான்கூட அதத்தானே பண்ணேன் யூசுப்."

"நீ அங்க பண்ணே. உன் பக்கத்து வூட்டுக்காரனுக்கே தெரியாது. இங்க பேப்பர்ல போடுவான் மாமு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல நான் எப்படிப் போய் நிக்கிறது? வாங்கின கடன இல்லன்னு சொல்றது நமக்கு ஆகுமா?"

நான்தானே இல்லையென்று சொன்னவன், அதுவும் அவனுக்கே சொன்னவன். அந்த அறையில் அதைப் பற்றிப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதி குறைந்தவன் யாரும் இல்லை.

ஜரீனா சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள். "இல்லாதத இல்லன்னுதான சொல்லணும்? இருக்குதுன்னு சொல்லி தெனம் வாசல்ல வந்து நிக்க வெக்கிறியே, அது மட்டும் ஆகுமா? அவங்க கேக்கக் கூடாதுன்னுதான் கோர்ட்டு சொல்லும். நீ குடுக்கக் கூடாதுன்னு சொல்லாது. அல்லா குடுக்கும்போது நீ குடேன், யாரு வேணான்னா?"

யூசுப் தலை குனிந்துகொண்டான். அவன் போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வக்கீல் யாராவது கீறாங்களா?" என்றான்.

6

பாரிமுனையில் மாடியில் ஓர் அறை. வக்கீல் கற்பகம் என்று ஓர் அம்மா. பேச்சில் சுற்றி வளைத்தல் கிடையாது.

"புதுசா ஒரு திவால் சட்டம் வந்திருக்கு. ஆனா அது இப்போதைக்குக் கம்பெனிக்கும், கம்பெனிக்கு ஜாமீன் போட்டவங்களுக்கும்தான். உங்கள மாதிரி தனி ஆளுக்கு வெள்ளக்காரன் காலத்துச் சட்டம்தான் இன்னும் ஓடுது. ஐந்நூறு ரூபா கடன் இருந்தாலே மனு போடலாம்னு எழுதி வெச்சிருக்கான்."

யூசுப் முதன்முறையாகச் சிரித்தான். "ஐந்நூறுதானா மேடம்? அப்ப நான் ரொம்பப் பெரிய ஆளு."

அவர் சிரிக்கவில்லை. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று பிரித்துச் சொன்னார். உயர் நீதிமன்றம் திவால் என்று அறிவித்துவிட்டால், அடமானம் இல்லாத கடன்காரர்கள் நீதிமன்றத்தைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. உங்கள் சொத்து நீதிமன்றத்தின் சொத்தாட்சியர் கைக்குப் போகும். அவர் விற்றுப் பிரித்துக் கொடுப்பார். வண்டி மேல் கடன் கொடுத்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான், அதைத் தடுக்க முடியாது. தண்டல்காரன் சட்டம் படித்தவன் இல்லை. அவன் மிரட்டினால் போலீஸுக்குத்தான் போக வேண்டும்.

பிறகு சொத்து விவரம். கடைச் சரக்கு, ஒரு பழைய பைக், ஜரீனாவின் தையல் மெஷின். யூசுப் சொல்லச் சொல்ல எழுதினார்.

"உங்களுக்கு யாராவது பாக்கி தரணுமா?"

யூசுப் சட்டென்று, "யாரும் இல்ல மேடம்" என்றான்.

"பேங்க் கணக்குல எட்டு லட்சம் வெளிநாட்டுக்குப் போயிருக்கே. மறைச்சா மனுவே நிக்காது."

அங்கே கனடாவில் நான் எப்படி ஒரு பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேனோ அப்படியே இவனும் உட்கார்ந்திருந்தான். ஜரீனாதான் சொன்னாள். "இதோ உட்கார்ந்துகிறாரு மேடம், எங்க தயாண்ணன். அவருக்குக் குட்த்தது."

வக்கீல் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இந்தப் பாக்கி வருமா, வராதா? ஒண்ணு எழுதணும்."

"வரும்னு எழுதுங்க" என்றேன். இத்தனை மாதமாக எங்காவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த சொல் அது. சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"யோசிச்சுச் சொல்லுங்க. வரும்னு எழுதினா, அந்தப் பணம் இவர் கைக்கு வராது. சொத்தாட்சியர் உங்ககிட்ட வாங்கி ஃபைனான்ஸ்காரனுக்கும் ஆப்காரனுக்கும் பிரிச்சுக் கொடுப்பார். அந்த நாட்டுல உங்களுக்கு விடுதலை உத்தரவு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதோட நகல சேர்த்து, அதனால இது வராத கடன்னு எழுதலாம். பொய் இல்ல. கோர்ட்டு பார்த்து முடிவு பண்ணட்டும்."

நான் யூசுப்பைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜரீனா, "வராதுன்னே எழுதுங்க மேடம்" என்றாள்.

எழுதினார். நான் முறையாகப் பெற்ற விடுதலை, பாரிமுனை மாடியில் என் பெயருக்கு எதிரே 'வராது' என்று ஒரு சொல்லாக விழுந்தது. நல்லவன் என்று பெயர் வாங்க நான் மறுபடியும் வாயைத் திறந்திருந்தால் அந்தக் காசு அவனை இந்நிலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கே போயிருக்கும். பேசாமல் இருப்பதுதான் அன்று அவனுக்கு என்னால் செய்ய முடிந்தது. பேசாமல் இருந்தேன்.

கிளம்பும்போது வக்கீல் இன்னொன்றும் சொன்னார். இவருக்கு விடுதலை உத்தரவு வரும்வரை இவர் கணக்குக்கு நீங்கள் பணம் அனுப்பினால் அதுவும் சொத்தாட்சியருக்குத்தான். எத்தனை காலம் ஆகும் என்று கேட்டேன். "ஆகும்" என்றார்.

7

நீதிமன்ற உத்தரவு போன மாதம் வந்தது. பேப்பரில் போட்டார்கள். பள்ளிவாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு அந்த வக்கீலின் விலாசத்தைக் கேட்டார்களாம். வண்டி போய்விட்டது. கடை போய்விட்டது. தண்டல்காரனுக்கு ஜரீனா தைத்துத் தைத்து இன்னும் கட்டுகிறாள். மற்றபடி போன் நின்றுவிட்டது.

யூசுப் ஒரு கண்டெய்னர் யார்டில் சரக்கை இறுக்கிக் கட்டுகிற வேலைக்குப் போகிறான். இத்தனை வருடம் விற்ற பெல்ட்டை இப்போது அவனே இழுத்துக் கட்டுகிறான். கை புண்ணாகிவிட்டது என்று சொன்னபோதுகூடக் குறை மாதிரிச் சொல்லவில்லை.

நேற்று காலை, அங்கே சாயங்காலம், அவனைக் கூப்பிட்டேன். தனியாக ஒரு கணக்கு திறந்து மாதாமாதம் போட்டு வருகிறேன், உன் கேஸ் முடிகிற அன்றைக்கு அப்படியே உன்னுடையது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"யூசுப், அந்தப் பணம்..."

"அத்த வுடு மாமு. வக்கீலம்மா சொன்னாங்க இல்ல, கோர்ட்டு முடியட்டும்."

"முடிஞ்சதும் கேப்பியா?"

"கேக்கறேன் கேக்கறேன். காசிமேட்டுல இன்னிக்கு வஞ்சிரம் இன்னா வெலன்னு தெரியுமா உனுக்கு?"

மீன் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் ஒருநாளும் கேட்கமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது, கொடுத்தாலும் அவன் வாங்குவானா என்று யோசித்துக்கொண்டே நான் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ அவன் கையிலிருந்து போனை வாங்கினார்கள்.

"தயாண்ணே, ஜரீனா பேசறேன். அவரு கேக்க மாட்டாரு."

"தெரியும்மா."

"நான் கேப்பேன்" என்றாள்.